முக்திநாத் பயணமும் விமான நிறுவனங்களின் நட்சத்திரங்களும்

நேபாளத்திலுள்ள முக்திநாத் செல்லத் திட்டமிடும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, பொக்காராவிலிருந்து, முக்திநாத் போகும் வழியிலுள்ள ஜோம்சோமுக்கு எந்த நிறுவனத்தின் விமானத்தில் போவது பாதுகாப்பானது என்பதுதான். கேட்கும்போதே ஏதோவொரு தரவரிசைப் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து வைத்திருப்பார்கள். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களும் அந்தச் சிறு விமானத்தில் ஏறுகிறார்கள். ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேடும் இடம் சரியானதா என்பதில் எனக்கு நீண்ட நாள் ஐயம் உண்டு.

விமான நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் தளங்கள், விமானங்களை நேரில் சென்று சோதிப்பதில்லை. பெரும்பாலும் நான்கு பொருள்களை வெவ்வேறு அளவில் கலந்துதான் மதிப்பெண் தயாரிக்கிறார்கள்: விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டா நடத்தும் ஐயோசா என்னும் பாதுகாப்புத் தணிக்கையின் சான்று, அந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்தைப் பற்றி ஐசிஏஓ என்னும் ஐ.நா. அமைப்பு வழங்கியுள்ள மதிப்பீடு, ஐரோப்பிய வானில் பறக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள தடைப் பட்டியல், கடந்த சில ஆண்டுகளில் நேர்ந்த உயிரிழப்பு விபத்துகள். உலகெங்கும் பறக்கும் பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்தக் கலவை ஓரளவு பொருள் தருகிறது. சிறிய உள்நாட்டு நிறுவனங்களிடம் வரும்போது நான்குமே ஒவ்வொரு விதமாகத் தடுமாறுகின்றன.

முதலில் ஐயோசா. 2003இல் தொடங்கிய இந்தத் தணிக்கை நல்ல ஏற்பாடுதான். விமானிகளின் பயிற்சி, பராமரிப்பு, இயக்க நடைமுறைகள் ஆகியவை முறையாக எழுதப்பட்டு, எழுதியபடி நடக்கின்றனவா என்று வெளியாட்கள் வந்து பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் பதிவேட்டில் சேர வேண்டுமானால், நிறுவனத்திடம் புறப்பாட்டின்போது 5,700 கிலோவுக்கு மேல் மொத்த எடை அனுமதிக்கப்பட்ட விமானம் ஒன்றாவது இருக்க வேண்டும். ஜோம்சோம், லுக்லா போன்ற மலை ஓடுபாதைகளில் இறங்கும் ட்வின் ஆட்டர் என்னும் சிறு விமானத்தின் உச்ச எடை 5,670 கிலோ. முப்பது கிலோ குறைவு! ட்வின் ஆட்டர் மட்டுமே வைத்திருக்கும் நிறுவனம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் ஐயோசா பதிவேட்டுக்குள் நுழைய முடியாது. சிறு விமானங்களுக்கென்று ஐயாட்டாவே தனியான மதிப்பீடு ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் செய்துகொள்வது. ஆகவே நட்சத்திரப் பட்டியலில் ஒரு மலைப்பகுதி நிறுவனத்துக்கு நேரே காணும் வெற்றிடம், அது மோசமானது என்பதற்கும் சான்றல்ல, நல்லது என்பதற்கும் சான்றல்ல.

விபத்துப் பதிவுதான் நம்பகமானது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்தாண்டுகளாக ஒருவர்கூட இறக்கவில்லை என்றால் அதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு சிறு நிறுவனம் நாளொன்றுக்கு 20 முறை பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,300 பயணம், பத்தாண்டில் 73,000 பயணம். பத்து லட்சம் பயணத்துக்கு ஒரு விபத்து என்னும் அளவில் அந்நிறுவனம் பாதுகாப்பாக இயங்கினால், பத்தாண்டு முழுவதும் விபத்தின்றிக் கழிய 93 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதே நிறுவனம் அதைவிடப் பத்து மடங்கு ஆபத்தாக, அதாவது ஒரு லட்சம் பயணத்துக்கு ஒரு விபத்து என்னும் அளவில் இயங்கினாலும், பத்தாண்டு விபத்தின்றிக் கழிய ஏறத்தாழ 48 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பத்து மடங்கு மோசமான நிறுவனங்களில் ஏறக்குறையப் பாதி, களங்கமில்லாத பதிவோடு நம்முன் வந்து நிற்கும் என்பதே இதன் பொருள். நாளொன்றுக்கு 2,000 பயணங்களுக்கு மேல் நடத்தும் இண்டிகோ போன்ற நிறுவனம் அதே அளவில் பத்தாண்டு பறந்தால், அதன் பதிவு எழுபது லட்சத்துக்கும் அதிகமான பயணங்களைப் பற்றிப் பேசும். அந்தப் பதிவு சொல்வதைக் கேட்கலாம். சிறு நிறுவனத்தின் பதிவு சொல்வதற்கு எதுவும் இல்லாமல் மௌனமாக இருக்கிறது, நாம் அந்த மௌனத்தை நற்சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. நேபாளத்தின் புத்தா ஏர் 1997இல் பறக்கத் தொடங்கி, பதினான்கு ஆண்டுகள் நல்ல பெயரோடு இயங்கியது. 2011 செப்டம்பர் 25 அன்று, எவரெஸ்ட் சிகரத்தைக் காட்டிவிட்டுக் காத்மாண்டுவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதன் பீச்கிராஃப்ட் விமானம் மேகமூட்டத்தில் தாழ்ந்து பறந்து, லலித்பூர் மாவட்டத்து மலையில் மோதி, அதிலிருந்த 19 பேரும் இறந்தனர். அவர்களில் 10 பேர் இந்தியர். அந்தப் பத்தில் எட்டுப் பேர் திருச்சியைச் சேர்ந்தவர்கள். முந்தைய நாள் யாரேனும் அந்நிறுவனத்தின் விபத்துப் பதிவைப் பார்த்திருந்தால் குறை சொல்ல எதுவும் கிடைத்திருக்காது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு விபத்துக்குப் பிறகு பட்டியலில் மதிப்பெண் சரிந்திருந்தால், அந்தச் சரிவுக்கும் புள்ளியியல் அளவில் பெரிய பொருள் கிடையாது. சிறு எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

அடுத்தது நாட்டுக்கான மதிப்பீடு. ஐசிஏஓ தணிக்கை செய்வது நிறுவனத்தை அல்ல, அரசை: சட்டம் இருக்கிறதா, ஆய்வாளர்கள் போதுமா, உரிமம் வழங்கும் முறை ஒழுங்கானதா, விபத்து விசாரணைக்கு ஏற்பாடு உண்டா என்று எட்டுத் துறைகளில் கேள்விகள் கேட்டு, எத்தனை விழுக்காடு நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது என்று மதிப்பெண் இடுகிறது. 2013இல் நேபாளத்தின்மீது கடும் பாதுகாப்புக் கவலை என்னும் முத்திரையை ஐசிஏஓ குத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள நிறுவனங்கள் அனைத்தையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் ஐசிஏஓ முத்திரையை நீக்கியது. 2022இல் நேபாளத்தின் மதிப்பெண் 70.1 விழுக்காடு, இது உலகச் சராசரியை ஒட்டியதே. ஐரோப்பியத் தடையோ அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஒரே நாட்டை இரண்டு அமைப்புகள் பார்த்து, ஒன்று தேறிவிட்டது என்கிறது, மற்றொன்று தேறவில்லை என்கிறது.

இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால், ஐரோப்பியர்களின் பக்கமே நான் சாய்வேன். நேபாள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் விமான நிலையங்களை நடத்திக் கட்டணம் வசூலிக்கிறது. அதே ஆணையம்தான் பாதுகாப்பைக் கண்காணித்து உரிமமும் வழங்குகிறது. இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று வெளியிலிருந்து பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருகிறார்கள். 70.1 என்ற மதிப்பெண் வந்த 2022ஆம் ஆண்டு மே மாதம் ஜோம்சோம் பாதையில் தாரா ஏர் விமானம் விழுந்து 22 பேர் இறந்தனர். 2023 ஜனவரியில் பொக்காராவில் 72 பேர். 2024 ஜூலையில் பராமரிப்புக்காகக் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய சௌர்யா ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்த உடனே விழுந்து 18 பேர். ஆனால் ஐரோப்பியத் தடைக்கும் ஓர் எல்லை உண்டு. நேபாள நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடைத்துவிடுவதால், அவற்றுக்குள் எது மேல் என்று தேர்ந்தெடுக்க அது துளியும் உதவாது.

இந்தியாவிலும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. இங்கே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ அமைப்பிடம் போதிய ஆய்வாளர்கள் இல்லை என்று கண்டு, பிற நாடுகளின் கண்காணிப்பை இரண்டு வகையாகத் தரம் பிரிக்கும் அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏ, 2014 ஜனவரியில் இந்தியாவைத் தாழ்ந்த இரண்டாம் வகைக்கு இறக்கியது. 2015 ஏப்ரலில் மீண்டும் முதல் வகைக்கு ஏற்றியது. இடைப்பட்ட பதினான்கு மாதங்களில் சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்த விமானம் திடீரென்று ஆபத்தாகிப் பிறகு திடீரென்று திருந்திவிடவில்லை. மாறியது கண்காணிப்பவரின் ஆள்பலம். நட்சத்திரக் கணக்கிலோ அதன் விளைவு நாட்டிலுள்ள எல்லா நிறுவனங்கள்மீதும் விழக்கூடியது.

விபத்து அறிக்கைகளைப் படித்தால், இந்த மதிப்பீடுகளில் எதற்கும் பிடிபடாத இடத்தில்தான் உயிர் போகிறது என்பது தெரிகிறது. 2022இல் விழுந்த தாரா ஏர் விமானம் 1979இல் செய்யப்பட்டது. விமானம் எத்தனை வயதானது என்று நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். விசாரணைக் குழு வயதைக் காரணமாகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய விதியின்கீழ் சென்ற விமானம் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது, மலை நெருங்குவதைச் சொல்லி எச்சரிக்கும் கருவி செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது, வழி தவறி மலையில் மோதியது என்றுதான் அறிக்கை கூறுகிறது. குறுகிய பள்ளத்தாக்கில் இரு பக்கமும் மலை இருப்பதால் அக்கருவி ஓயாமல் கூவக்கூடியது. விமானிக்கு அது தொல்லையாகிவிடுவது புரிந்துகொள்ளக்கூடியதே. தணிக்கையாளர் வந்து எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பதே விடை. பறக்கும்போது அது இயங்குகிறதா என்பது வேறு கேள்வி, அதை நட்சத்திரம் கேட்பதில்லை. பொக்காராவில் விழுந்த எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விமானத்திலோ, தரையிறங்கும் தறுவாயில் இறக்கை மடலை விரிக்க வேண்டிய விமானி தவறுதலாக அருகிலிருந்த வேறு நெம்புகோல்களை இழுத்துவிட, இரு எஞ்சின்களின் சுழலிகளும் உந்துவிசை தராத நிலைக்குப் போய்விட்டன. புதிய விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

சிறு நிறுவனங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், பெயர்ப்பலகை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரருகே விழுந்த விமானத்தில் பயணம் செய்தவர்கள், கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில்தான் பயணச்சீட்டு வாங்கியிருந்தார்கள். பறக்க வைத்ததோ கோல்கன் ஏர் என்னும் சிறு நிறுவனம். தரையிலிருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தனர். விமானியின் பழைய தேர்வுத் தோல்விகளும், விமானிகளின் களைப்பும், அவர்கள் தொலைதூர ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து சேர வேண்டிய நிலையும் விசாரணையில் வெளிவந்தன. அந்தப் பயணிகள் கான்டினென்டலின் மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்திருந்தால், அது அவர்கள் ஏறாத நிறுவனத்தின் மதிப்பெண். 2010இல் அமெரிக்காவில் வந்த சட்டம், விமானத்தை உண்மையில் இயக்குபவர் யார் என்பதைப் பயணச்சீட்டு விற்கும் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்றது. துணை விமானிகளுக்கும் 1,500 மணிநேர அனுபவம் வேண்டும் என்ற விதி வருவதற்கும் அதுவே அடிப்படை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் அலையன்ஸ் ஏர், 2022 வரை ஏர் இந்தியாவின் குடும்பத்துக்குள் இருந்து இப்போது தனியே அரசிடம் இருக்கிறது. பழைய நினைவில் ஏர் இந்தியாவின் நட்சத்திரத்தை அதற்கும் பொருத்திப் பார்ப்பவர்களை நான் அறிவேன்.

அப்படியானால் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடலாமா? கெட்ட செய்தியைச் சொல்லும்போது அதை நம்பலாம் என்பதே என் கருத்து. ஒரு நாடு முழுவதும் தடைப் பட்டியலில் இருக்கிறது என்றால் அந்நாட்டு வானத்தைப் பற்றி ஏதோ தெரிந்துகொள்கிறோம். சிறு நிறுவனத்துக்கு ஏழு நட்சத்திரம் என்று போட்டிருந்தால், அதிலிருந்து நான் தெரிந்துகொள்வது மிகக் குறைவு.

முக்திநாத் பயணத்தில் நிறுவனத்தைவிட நேரமும் வானிலையும்தான் பெரிதாகக் கணக்கில் வரும். ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில், அன்னபூர்ணாவுக்கும் தௌலகிரிக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் ஜோம்சோம் இருக்கிறது. முற்பகல் ஏற ஏறக் காற்று வலுத்துவிடும் என்பதால் காலையில் மட்டுமே விமானங்கள் பறக்கின்றன. ஆகவே அந்த இருபது நிமிடப் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளாவது உபரியாக வைக்காத சுற்றுலாத் திட்டத்தில் சேர வேண்டாம் என்றே நான் சொல்வேன். மறுநாள் காத்மாண்டுவில் இணைப்பு விமானம் காத்திருக்கிறது என்றால், மேகம் விலகட்டும் என்று பொறுத்திருக்க யாருக்கும் மனம் வராது, பயணிக்கும் வராது, விமானிக்கும் வராது. மழைக்காலத்தைத் தவிர்த்து அக்டோபர், நவம்பரில் போவது நல்லது. விமானம் ரத்தானால் ஜீப்பில் போகலாம்தான், ஆனால் நேபாள மலைச்சாலையைப் பாதுகாப்பான மாற்று என்று எண்ணிவிடக் கூடாது: 2024 ஆகஸ்டில் பொக்காராவிலிருந்து காத்மாண்டு நோக்கிச் சென்ற பேருந்து மர்சியாங்தி ஆற்றுப் பள்ளத்தில் விழுந்து, மகாராஷ்டிரத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் உட்பட 27 பேர் இறந்தனர். சாலையில் போவதென்றால் பகலில் மட்டும் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் முகவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விமானம் போகவில்லை என்றால் ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுகிறோம் என்று சிலர் சலுகைபோலச் சொல்வார்கள். நேபாளத்தில் 2023 ஜூலையில் மனாங் ஏர் ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேரும், 2024 ஆகஸ்டில் ஏர் டைனஸ்டி ஹெலிகாப்டர் விழுந்து ஐந்து பேரும் இறந்தனர். நான் பார்த்த எந்த நட்சத்திரப் பட்டியலிலும் ஹெலிகாப்டர் நிறுவனங்கள் இடம்பெறவே இல்லை. விமானம் இறங்க முடியாத வானிலையில் ஹெலிகாப்டர் மட்டும் எப்படிப் போகும் என்று அவரிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.