மீன் கடைசியில் வரட்டும்: முதல் செடித் தொட்டிக்கு ஒரு வரிசை

செடிகள் வளரும் நன்னீர்த் தொட்டி ஒன்றை முதன்முதலாக அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மீனில்தான் தொடங்குகிறார்கள். சென்னைக் கொளத்தூரின் மீன் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். கப்பியும் மோலியும் டெட்ராவும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்போது, தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி அன்று மாலையே நீரில் விட்டுவிடலாம் என்றுதான் மனம் ஓடும். பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2 அடித் தொட்டியை அமைத்தபோது நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன்: முதலில் மண், அடுத்து செடி, பிறகு சில வாரக் காத்திருப்பு, எல்லாம் முடிந்த பின் மீன். முதல் தொட்டி அமைக்கப்போகும் எவருக்கும் இதையே சொல்வேன். அதற்கான காரணங்களையும் செய்முறையையும் இங்கே எழுதுகிறேன்.

தொட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 56 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்ந்தால் எடை 80 கிலோவை நெருங்கும் என்பதால் ஸ்டாண்டு உறுதியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் தாள் விரிப்பது நல்லது. இதைவிடச் சிறிய தொட்டி எளிது என்று பலர் எண்ணுவார்கள். குறைந்த நீரில் வெப்பமும் கழிவும் மிக விரைவாக ஏறும் என்பதால் தொடக்கக்காரருக்கு அதுவே கடினம். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். பிற்பகல் வெயில் தொட்டியைச் சூடாக்குவதோடு பாசியையும் வளர்க்கும்.

மண்ணுக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். செடித் தொட்டிக்கென்றே செய்த உருண்டை மண் மூட்டைகளில் கிடைக்கிறது, விலை சற்று அதிகம். நான் தோட்ட மண்ணோடு கொஞ்சம் செம்மண்ணைக் கலந்து பயன்படுத்தினேன்; செம்மண்ணில் உள்ள இரும்புச்சத்து செடிகளுக்கு உதவும். யூரியா, வேப்பம்புண்ணாக்கு, கோழி எரு போன்றவை கலக்காத மண்ணாக இருப்பது மிக முக்கியம். மண்ணைச் சலித்து, வாளியில் நீரூற்றிக் கலக்கி, மிதக்கும் சருகையும் வேரையும் வடித்துவிட்டு, மொட்டை மாடியில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் நனைத்துக் காயவிட வேண்டும். இப்படிச் சில முறை செய்யும்போது மண்ணிலுள்ள மட்கக்கூடிய பொருள்கள் வெளியிலேயே சிதைந்துவிடுவதால், தொட்டிக்குள் அது விடும் அம்மோனியா வெகுவாகக் குறைகிறது. தொட்டியின் அடியில் இந்த மண் 1 அங்குலம், அதன் மேல் கழுவிய மணல் 1 அங்குலம் அல்லது சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். மண்ணை இதைவிடக் கனமாகப் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் அழுகி, கிளறும்போதெல்லாம் கெட்ட முட்டை நாற்றத்துடன் குமிழி எழும். மணலிலும் கல்லிலும் சுண்ணாம்பு இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்: நான்கைந்து சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும் கல், நீரின் கடினத்தன்மையை நாள்தோறும் ஏற்றிக்கொண்டே போகும்.

நீரூற்றும் வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெல்லிய தாரையாக ஊற்றினால் அடிமண் கலங்காது. முதலில் ஒரு கையளவு உயரத்துக்கு மட்டும் நீர் விட்டு, அதற்குள் செடிகளை நட்டுவிட்டு, பின்னர் மீதியை நிரப்புவது எளிது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். கடைகளில் ஹைப்போ என்று கேட்டால் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகங்கள் அதை உடனே நீக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் முழுவதும் காற்றுக்குழாயை ஓடவிட்டாலும் குளோரின் போய்விடும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளில் கவலை வேறு: அது கடினமாகவும் காரத்தன்மையோடும் இருக்கும். அந்த நீரை மாற்றப் போராடுவதைவிட அதில் வாழக்கூடிய செடியையும் மீனையும் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

அப்படிப்பட்ட செடிகளை வெகு தொலைவில் தேட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் க்ரிப்டோகோரின் வென்டி இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி. அதன் உறவான ரெட்ரோஸ்பைராலிஸ் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் படுகையில் வளர்கிறது. மீன் கடையில் பக்கோபா என்று விற்கப்படும் செடிகளுள் ஒன்று நம் நாட்டு மருத்துவத்தில் பழகிய நீர்ப்பிரமியேதான். நம் குளங்களில் வளரும் கொட்டியின் இனத்தைச் சேர்ந்த கிழங்குகள் அபோனோஜெட்டான் என்ற பெயரில் பொட்டலங்களில் வருகின்றன. ஹைக்ரோபிலா, ரோட்டலா, கடைக்காரர்கள் அம்புலியா என்று அழைக்கும் லிம்னோபிலா ஆகிய மூன்றிலும் இந்திய மண்ணின் இனங்கள் உண்டு. இவையெல்லாம் நம் வெப்பத்துக்குப் பழகியவை. வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடிக்கு இன்னொரு சிறப்பு இருக்கிறது: நீரில் கரைந்த கரியமில வாயு குறைந்தாலும், கடின நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே அது தனக்கான கார்பனை எடுத்துக்கொள்ளும். எனவே, போர் தண்ணீர்த் தொட்டிக்கு அதுவே என் முதல் தேர்வு.

கரியமில வாயு சிலிண்டர் முதல் தொட்டிக்கு வேண்டியதில்லை. காற்றோடு ஒப்பிட்டால் அந்த வாயு நீருக்குள் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூழ்கிய செடிகள் மெல்ல வளர்வதற்கும், சிலிண்டர் வைத்த தொட்டிகள் அடர்ந்து செழிப்பதற்கும் அதுவே காரணம். சிலிண்டரோடு வலுவான ஒளியும் உரமும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் போக வேண்டும். ஒன்று பிசகினாலும் பாசி முந்திக்கொள்ளும். மேலே சொன்ன செடிகளுக்கு மிதமான எல்இடி விளக்கே போதுமானது.

நடும்போது அடர்த்தியாக நட வேண்டும். பத்துப் பதினைந்து தண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊன்றிவிட்டு அவை பரவும் என்று காத்திருந்தால், அந்த இடைவெளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். மணல் பரப்பில் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே செடியால் மறைந்திருப்பது நல்லது. தண்டுச் செடிகளின் கீழ்க்கணுவில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, நீண்ட இடுக்கியால் தண்டின் அடிமுனையைப் பிடித்து, சற்றுச் சாய்வாக மணலுக்குள் செருகி, இடுக்கியை மெல்லத் தளர்த்தி எடுக்க வேண்டும். நேராகச் செருகினால் கையை எடுத்த உடனே மேலே மிதந்துவிடும். அனுபியாஸ், ஜாவா பெர்ன் ஆகியவற்றின் கிடைத்தண்டைப் புதைக்கக் கூடாது, அழுகிவிடும்; கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவைத்தால் வேர் தானாகப் பற்றிக்கொள்ளும்.

நட்ட ஓரிரு வாரங்களில் க்ரிப்டோகோரினின் இலைகள் ஓரத்திலிருந்து கண்ணாடிபோல் வெளிறி, தொட்டால் கூழாகக் கரையும். இதைக் கண்டு செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. பண்ணைகளில் இந்தச் செடிகள் பெரும்பாலும் நீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கப்படுகின்றன. காற்றில் விளைந்த இலை நீருக்குள் வேலை செய்யாது என்பதால் செடி அதைக் கைவிட்டு, நீருக்கேற்ற புதிய இலையை அடியிலிருந்து விடுகிறது. வேரும் நடுக்குருத்தும் உறுதியாக இருந்தால் அழுகிய இலையை மட்டும் கத்தரித்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். கருஞ்சிவப்பு நிறத்தில் சுருண்டு வரும் அந்த முதல் குருத்து, செடி பிடித்துக்கொண்டது என்பதற்கான அடையாளம்.

இனி, மீன் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மீனின் செவுளிலிருந்தும், மிஞ்சிய உணவிலிருந்தும், மட்கும் மண்ணிலிருந்தும் அம்மோனியா நீரில் கலக்கிறது. அதை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது ஓரளவு வரை தீங்கற்றது. இந்த இரண்டு படிகளையும் வெவ்வேறு உயிரிகளே செய்கின்றன என்றுதான் நூறாண்டுக்கும் மேலாக நம்பப்பட்டது. இரண்டையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைரா வகைப் பாக்டீரியா உண்டு என்று 2015இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. அவற்றுள் ஒரு குழு அதைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்துதான் என்பதைப் படித்தது முதல், இந்த உயிரிகள் குடியிருக்கும் ஸ்பான்ஜ் பில்டரை, அதாவது என் தொட்டியின் நீரை வடிகட்டும் பஞ்சை, குழாய் நீரில் கழுவ எனக்குக் கை வருவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து திரும்ப வைத்துவிடுவேன். குளோரின் கலந்த நீர் அந்த உயிரிகளைக் கொன்றுவிடும்.

இந்த உயிரிகள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பான்ஜ் கிடைத்தால் காலம் சுருங்கும். செடிகளும் இதில் பங்கு கொள்கின்றன. நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே (நீரில் அம்மோனியா எடுக்கும் நச்சு குறைந்த வடிவம்) விரும்பி உறிஞ்சுகின்றன. நீரின் மேல் ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடி ஒன்றிரண்டை விட்டால் இன்னும் நல்லது: காற்றிலுள்ள கரியமில வாயு நேரடியாகக் கிடைப்பதால் அவை வேகமாக வளர்ந்து அம்மோனியாவை வாரி எடுக்கும். சென்னை நீரில் இது மிகவும் முக்கியம். நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு பிஎச்; காரம் கூடினால் அது ஏறும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும்; பிஎச் 8 ஆனால் அது ஏறக்குறைய 5 பங்காகிவிடும். கடின நீரில் மீன்கள் காரணம் தெரியாமல் சாவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். சோதனைக் குப்பி வாங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை மீன் வாங்காமல் இருப்பதுதான் அந்த உயிர்களுக்கு நாம் காட்டும் முதல் அக்கறை.

காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியவை எளியவை. வாரத்துக்கு ஒரு முறையாவது பாதி நீரை மாற்ற வேண்டும். விளக்கை டைமரில் 6 மணி நேரத்துக்கு மேல் எரியவிடக் கூடாது. செடிகள் வேர்விட்ட பிறகு 8 மணி வரை ஏற்றலாம். நீர் சில நாள் கலங்கியிருக்கும், தானாகத் தெளியும். கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூசுபோல் படியும் டயாட்டம் பாசியைத் துணியால் துடைத்துவிட்டால் போதும். பாசிக்கொல்லி மருந்து ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நத்தைகளையும் விரட்ட வேண்டாம். செடியோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு நத்தைகளைப் பலர் தொல்லை என்று நசுக்குகிறார்கள். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று இதற்கு நல்ல விடை சொல்கிறது. ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் அவர் வைத்தார். பழைய இலைகள் மட்கி நீர் கலங்கவும் சுவரில் பச்சை படியவும், சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகியதைத் தின்று நீரைத் தெளியவைத்தன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின. இன்றைய செடித் தொட்டியின் அடிப்படை முழுவதும் அந்தக் கலத்திலேயே இருந்தது.

கோடைக்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். இங்கே ஹீட்டருக்கு வேலையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நீரைக் குளிர்விப்பதே வேலை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். மூடியைத் திறந்துவிட்டு ஒரு சிறு விசிறியை நீர்ப்பரப்பில் வீசவிட்டால், ஆவியாதலால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும்; ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட ஆர்ஓ நீரை ஊற்ற வேண்டும்.

மீன் வாங்கும் நாள் வந்ததும், நீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். கடின நீரில் கப்பியும் மோலியும் நலமாக இருக்கும். மிதமான நீரென்றால் இலங்கையின் செர்ரி பார்ப் எனக்கு மிகவும் பிடித்தது. செடிகளின் நிழலில் அந்தச் சிவப்பு தனி அழகு. முதலில் நான்கைந்து, இரண்டு வாரம் கழித்து இன்னும் சில என்று விட வேண்டும். மிஸ் கேரளா எனப்படும் டெனிசன் பார்ப் அரையடி வரை வளர்ந்து கூட்டமாக நீந்தும் மீன், காட்டாறுகளில் அருகிவரும் இனமும்கூட. அதை 2 அடித் தொட்டியில் அடைப்பது நியாயமாகாது. பாசி தின்னும் என்று சொல்லி விற்கப்படும் டேங்க் கிளீனரும் ஒரு அடிக்கு மேல் வளரக்கூடியது, வேண்டாம்.

செடிகள் பிடித்துக்கொண்ட பிறகு மாதந்தோறும் கத்தரிக்க வேண்டியிருக்கும். நுனிகளை மறுபடி நடலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். மிஞ்சியதை மட்டும் ஏரியிலோ கால்வாயிலோ கொட்டிவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த கபோம்பா இன்று கேரளத்தின் கால்வாய்களில் படர்ந்து கிடக்கிறது. 2020இல் கோழிக்கோடு அருகே ஆவளப் பாண்டியில் இளஞ்சிவப்பாகப் பூத்து மக்களைத் திரளவைத்ததும் அந்தச் செடிதான். நம் ஹைக்ரோபிலா அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அதே தொல்லையைக் கொடுத்து, அங்கே தடைசெய்யப்பட்ட களையாகிவிட்டது. வெட்டிய தண்டுகளை மாடி வெயிலில் நன்றாகக் காயவிட்டு உரத்தொட்டியில் போட்டுவிடுங்கள். ரோஜாத் தொட்டிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல எருவாகும்.