பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்த அனுபவம்

சிங்கப்பூரில் மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான். மூன்றாவது அறை கூடம். அத்தகைய வீடொன்றில் மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம், எங்கள் குடும்பம் என எல்லோரும் ஒன்றாக வசித்து வந்தோம். தனியார் வாடகை எங்கள் சம்பளத்துக்கு எட்டவில்லை, மறுவிற்பனை வீடுகளின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. எனவே அரசாங்க அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), தேவையைப் பார்த்துப் புதிதாகக் கட்டி விற்கும் பிடிஓ (BTO) வீட்டுக்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் பெற வேண்டியது வீவக வீட்டுத் தகுதிக் கடிதம். 2023 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள இந்தக் கடிதம், எந்த வகை வீடு வாங்கலாம், எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் கிடைக்கும் என்பவற்றை ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறது. எனக்கு அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக விவரங்கள் தாமாகவே நிரம்பின. சுயதொழில் செய்யும் கணவருக்கோ வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பைத் தேடி எடுத்து இணைக்க வேண்டியிருந்தது. விற்பனை அறிவிக்கப்பட்ட பிறகு இதைத் தொடங்கினால் கடிதம் வருவதற்குள் விண்ணப்பக் காலம் முடிந்துவிடக்கூடும் என்பதால், பல வாரங்கள் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

நகர மையத்துக்கு அருகிலும் மற்ற வசதியான இடங்களிலும் அமையும் பிளஸ், பிரைம் வகை வீடுகளில் குறைந்தபட்சம் பத்து ஆண்டுகள் குடியிருந்த பிறகே விற்க முடியும். எங்களுக்கு அந்த வகைகளில் நாட்டமில்லை; உட்லண்ட்ஸில் சாதாரண (ஸ்டாண்டர்ட்) வகை நான்கறை வீட்டைத் தேர்ந்தெடுத்து, பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி விண்ணப்பித்தோம். யார் முதலில் வீட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான குலுக்கலில் எங்களுக்குக் கிடைத்த வரிசை எண் சுமாரானது.

வரிசை எண்ணை மட்டும் பார்த்து மகிழவோ சோர்ந்து போகவோ வேண்டாம் என்பதுதான் இதில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, இந்தியர்களும் (சீனர், மலாய்க்காரர் அல்லாத) பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15 விழுக்காட்டுக்கு மேலும், ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காட்டுக்கு மேலும் வீடு வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு நிறைந்துவிட்டால், காலியான வீடுகள் எத்தனை இருந்தாலும் நமக்கு அவை இல்லை. ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியாமலிருக்க இது தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்குவோர் வட்டத்தைச் சுருக்கிவிடும் இந்த விதி, சிறுபான்மையினருக்குச் சற்றுச் சுமையானதே. வீடு தேர்ந்தெடுக்கும் நாள்களில் எஞ்சிய வீடுகளும் இன ஒதுக்கீடும் வீவக இணையத்தளத்தில் புதுப்பிக்கப்படுவதால், நாங்கள் தினமும் மாலையில் அதைப் பார்த்து, எங்கள் பட்டியலில் பறிபோன எண்களை அடித்துவிட்டு, வேறு மாடிகளைச் சேர்த்துக்கொண்டோம். வீடு தேர்ந்தெடுக்க வீவக அழைத்த சந்திப்பின்போது எங்கள் முதல் விருப்பம் போய்விட்டிருந்தது. மேற்கு வெயில் படாத நடுமாடி வீடு ஒன்று மிஞ்சியிருந்ததால் தயங்காமல் எடுத்துக்கொண்டோம். முறை வந்தும் தேர்ந்தெடுக்காமல் விலகும் முதன்முறை வாங்குவோர், பத்து வீடுகளோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே எஞ்சியிருந்தாலன்றி, ஓராண்டுக்கு, முன்னுரிமை குறைந்த இரண்டாம் முறை வாங்குவோராகக் கருதப்படுவர் என்பதையும் மறக்கக் கூடாது.

பணம் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. முன்பதிவுக்கு 2,000 வெள்ளி கட்டினோம். முன்பணத்தின் பெரும்பகுதி, ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்தே போகும், 2.6 விழுக்காடு வட்டியில் வீவக கடன் உண்டு.

காத்திருப்புதான் நீண்டது. முன்பு கட்டிவைத்த வீடுகள் ஆயிரக்கணக்கில் விற்காமல் தேங்கிய பிறகே, 2001 முதல் தேவையைப் பார்த்துக் கட்டும் இந்த முறை வந்தது. அதனால் வீடு தேங்குவது குறைந்தது, காத்திருக்கும் சுமை வாங்குபவரிடம் வந்து சேர்ந்தது. சாவி கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், புதிய வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு வீவக குறைந்த வாடகையில் தரும் தற்காலிக வீட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். அதற்கு மாத வருமான வரம்பு 7,000 வெள்ளி. புதிய வீட்டுக்கான 14,000 வெள்ளி வரம்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.