ராயபுரத்துக் கடல்காற்றும் ஹரிகேனின் மேட் கோட்டும்

ஒருவழியாக ஹரிகேனுக்கு, அதாவது நான் செய்துகொண்டிருக்கும் இரண்டாம் உலகப் போர் விமான மாடலுக்கு, மேட் கோட் என்கிற பளபளப்பில்லாத கடைசிப் பூச்சு ஏறிவிட்டது. வெள்ளையாகப் பனிபோல் பூக்கவில்லை. இறக்கையில் டார்க் கிரீன், டார்க் கிரீனாகவே இருக்கிறது. ராயபுரத்தில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து சட்டென்று காயும் லாக்கர் வகை மேட் அடிப்பவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

72-இல் ஒன்று அளவு, மார்க் 2சி, இறக்கைக்கு இரண்டாக நான்கு 20 மி.மீ. பீரங்கி. 1944இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் இருந்த இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் விமானமாகச் செய்கிறேன். ஜப்பான்காரனுடைய சிவப்பு வட்டம் என்று நினைத்து சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதென்று, பர்மா பக்கம் பறந்த விமானங்களின் ரவுண்டலில், அதாவது வட்ட அடையாளத்தில், சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கருநீலத்துக்குள் வெளிர்நீலம், அவ்வளவுதான். அந்த வெளிர்நீலத்தில் பூத்தால் யாருக்கும் தெரியாது. கரும்பச்சையில் பூத்தால் கண்ணைக் குத்தும்.

ஒட்டியது, கேமோ என்கிற மறைப்பு நிறங்களை அடித்தது, டீகல் ஸ்டிக்கர் போட்டது எல்லாம் வழக்கம்போலத்தான். வம்பு பண்ணியது இந்தக் கடைசிப் பூச்சுதான். தின்னர் சட்டென்று ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துபோகிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, காய்கிற லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. எங்கள் தெருச் சுவர்களில் உவர் பூத்திருக்குமே, பார்ப்பதற்கு அச்சு அசல் அதேதான். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரெஸர் வேறு தன் பங்குக்குத் தண்ணீர் கக்கும். அதற்கு ஏர்பிரஷ்ஷுக்கு அடியிலேயே மாட்டுகிற குட்டி மாய்ஸ்சர் டிராப் என்கிற ஈரம் பிடிப்பான்தான் சரி. டியூபுக்குள் வரும் வழியில் குளிர்ந்து சேரும் நீரையும் அது பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது நேரம். மாடி அறையில் ஈரப்பத மீட்டர் ஒன்று தொங்குகிறது. ஆனி மாத மேற்குக் காற்றில், காலை பத்து பதினொரு மணிக்கு முள் நன்றாக இறங்கும். கடல்காற்று நுழைந்ததும் ஏறிவிடும். 'அப்பாடா, காற்று வந்தது' என்று ஊரே மூச்சு விடும்போது நான் ஏர்பிரஷ்ஷைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்தப் பத்து மணி வெயிலில் சாதா தின்னரில் அடித்தால், துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று விழும். இரண்டுக்கும் ஒரே மருந்து ரிடார்டர், அதாவது காய்வதைத் தாமதப்படுத்தும் சரக்கு, கலந்த தின்னர். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரைத் தாராளமாகக் கலந்து, அழுத்தத்தைக் குறைத்து, மெல்லிய பூச்சுகளாக, இடைவெளி விட்டு. அப்படியும் எங்காவது பூத்தால் பதற வேண்டாம். அந்த இடத்தில் வெறும் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பூச்சு இளகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, பழைய நிறம் வந்துவிடும்.

இந்தத் தின்னரை வாங்குவதுதான் தனி ரோதனை. எரியும் சரக்கு என்பதால் தரைவழியாக ஆடி அசைந்து வருகிறது. போன பாட்டில் பாதி ஒழுகி வந்தது. விற்றவர் போனையே எடுக்கவில்லை. நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் பியூட்டில் செல்லோசால்வ் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். மர வேலைக்காரர்கள் லாக்கர் பூக்காமலிருக்கச் சேர்ப்பது அதைத்தான். முதலில் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்பேன், முகமூடியோடு.

ஹரிகேனுக்கு கேனப்பி மாஸ்க் (விமானி அறைக் கண்ணாடியை மூடிய ஸ்டிக்கர்) உரிக்கணும், எக்ஸாஸ்ட் புகைக் கறை போடணும். அதற்குள் அதன் பர்மா எதிரியான ஜப்பானியப் போர் விமானம் கி-43 பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. அது உலோக நிறம், அடிப்பூச்சாகப் பளபளக்கும் கிளாஸ் பிளாக், அதுவும் லாக்கர். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அடித்தாக வேண்டும். விட்டால் தை வரை டப்பாவைத் திறக்க முடியாது.