பதிவேட்டில் இருந்தார்கள், கல்லில் இல்லை

எங்கள் சமூகத்தின் சிறிய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் சிலரிடம் வந்தபோது, யார் எங்கே அடக்கமாகியிருக்கிறார்கள் என்று முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பழைய அடக்கப் பதிவேட்டில் பல பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. ஓர் இடத்தைக் காட்டி ‘இது காலியா?’ என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பலரும் உடனே சுத்தம் செய்யலாம் என்றார்கள். நான் பிடிவாதமாக நின்றேன்: முதலில் பதிவு, அப்புறம்தான் சுத்தம். களையோடு சேர்ந்து பாதி புதைந்த அடையாளக் கற்களும் பிடுங்கி எறியப்படும். தேய்க்கிற தேய்ப்பில் எழுத்தே உதிர்ந்துவிடும். போனால் போனதுதான்.

வரைபடத்துக்கு அளவு நாடாவையே நம்பினோம். செல்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். கல்லறைகளோ நெருக்கி நெருக்கி இருப்பவை. வாசல் தூண், மதில் மூலை என்று நகராத இரண்டு புள்ளிகளைப் பிடித்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கல்லுக்கும் தூரத்தை அளந்து குறித்தோம். அதற்கு வரிசை எண், புகைப்படம். நடுவில் ஒரு கல் காணாமல் போனாலும் இடத்தை மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.

படிப்பதுதான் பெரிய வேலை. பளிங்கு, சுண்ணத்தால் ஆன கல். அமில மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். மேற்பரப்பு சர்க்கரைபோல் பொடியாகி, விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டும். அப்படி ஒரு கல்லில் எழுத்தே இல்லை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, கல்லின் ஓரத்தையொட்டிப் பக்கவாட்டில் பாயவிட்டோம். பள்ளங்களில் நிழல் விழுந்தது. முதலில் ஓர் ஆண்டு, பிறகு ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழே அதைவிடச் சின்ன எழுத்தில் ஒரு குழந்தையின் பெயர். சுண்ணக்கட்டி, மாவு, ஷேவிங் கிரீம் தடவிப் படிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அவை கல்லின் நுண்துளைகளில் தங்கிக் கெடுக்கும்.

கல்லையும் பதிவேட்டையும் ஒப்பிட்டபோது தேதிகள் பல இடங்களில் முரண்பட்டன. பதிவேட்டில் இருப்பது அடக்க நாள். கல்லில் இருப்பது இறந்த நாள். அதுவும் சில ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து பொறித்ததாக இருக்கலாம். எது சரி என்று நாங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எழுதி வைத்தோம்.

1918இன் கடைசி மாதங்களுக்கு வந்ததும் பதிவேட்டின் வரிகள் நெருங்கின. உலகம் முழுவதும் இன்ஃபுளுவென்சா மிகக் கொடூரமாக அடித்த காலம். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்த வரிகளில் வருகிறது. ஆனால் அந்தப் பெயர்களுக்குக் கல்லே இல்லை. தோட்டத்தின் ஓரத்தில், வரிசையாக, மனித நீளத்தில் இலேசான பள்ளங்கள் இருந்தன. பெட்டி உளுத்து விழும்போது மேலுள்ள மண் இறங்குவதால் வருவது இது. நிரப்பிச் சமன்படுத்தலாம் என்றவர்களைத் தடுத்து, முதலில் அளந்தோம். நிலத்தை ஊடுருவும் ராடாரைப் பற்றியும் விசாரித்தோம். அது எலும்பைக் காட்டாது, தோண்டிக் கலைந்த மண்ணைத்தான் காட்டும். களிமண்ணில் அதுவும் தெளிவாக வராது. எங்கள் மண் களிமண். அதனால் விட்டுவிட்டோம்.

பிறகுதான் சுத்தம். நிறையத் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், அவ்வளவுதான். கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் அழுக்கு வழிந்து கறைக் கோடு விழும். பிளீச்சிங், ஆசிட், கம்பி பிரஷ், அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் எந்திரம் எதுவும் கூடாது. பிளீச்சிங் செய்த கல் அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே தங்கும் உப்பு பின்னால் மேற்பரப்பைப் பெயர்க்கும். பொடியும் கல்லில் படர்ந்த பாசியை நாங்கள் தொடவே இல்லை. அதை உரித்தால் கல்லும் சேர்ந்து வரும்.

முன்பு யாரோ உடைந்த கற்களை இரும்புக் கம்பி வைத்து, சிமெண்டால் ஒட்டியிருந்தார்கள். துருப்பிடித்த இரும்பு உப்பிக் கல்லைப் பிளந்திருந்தது. சிமெண்ட் மென்மையான கல்லைவிடக் கடினமானது, ஈரத்தையும் வெளியே விடாது. சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கல்தச்சர் கிடைக்கும்வரை அவற்றைப் படுக்கவைத்திருக்கிறோம். புல்வெட்டும் எந்திரத்தில் சுழலும் நைலான் நரம்பு கல்லின் அடியைச் சீவிவிடும் என்பதால் கல்லையொட்டிக் கைக்கத்தரிதான். களைக்கொல்லியையும் நிறுத்திவிட்டோம், வெறும் மண் மழையில் அரித்துப்போனால் கல் சாயும்.

அந்த ஓரத்துப் பள்ளங்களின் மேல் இனிக் குழி தோண்டுவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. அங்கே பதிவேட்டிலுள்ள பெயர்களைப் பொறித்து ஒரே கல் வைக்கப்போகிறோம். பெயர்களின் எழுத்தை இப்போது உறவினர்களிடம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். சில குடும்பங்களை இன்னும் தேட வேண்டியிருக்கிறது.