கீழ் விளிம்ப மூடுறதா, விடுறதா

பழைய இரும்புப் பாலத்துல ஒட்டுப் பிளேட் வச்சு வெல்ட் பண்றப்ப, "நாலு பக்கமும் சுத்தி அடைக்காதீங்க தம்பி, கீழ் விளிம்ப தொறந்து விட்ருங்க, தண்ணி எறங்கணும்"னாரு கூட வேல செஞ்ச மேஸ்திரி பாஸ். நான் "சரி பாஸ்"னேன். பேச்சு அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இருக்காது. ஆனா இப்பவும் ராத்திரி மழ பேஞ்சா இதத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன், நான் ஏன் சரின்னேன், அவருக்கு மரியாதைக்காகவா, இல்ல நெசமாவே எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சா.

லயத்துக்கும், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும், ஸ்கூலுக்கும் நடுவுல ஓடைக்கு மேல போற பாலம். இலங்கை மலைநாட்டுல மஸ்கெலியா பக்கத்து தேயிலைத் தோட்டங்கள்ல இந்த மாதிரி நெறைய இருக்கு, வெள்ளக்காரன் காலத்து அங்கிள் அயனும் (L மாதிரி மடிச்ச இரும்பு) பட்டையும், ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ரிவெட் ஆணி அடிச்சது. பெயின்ட் பாத்தா நல்லாவே இருந்துச்சு. ஆனா ரெண்டு ரிவெட்டுக்கு நடுவுல பட்டை தலகாணி மாதிரி உப்பி நின்னுச்சு. கூட வந்த ஒருத்தரு, தடிப்பாத்தானே இருக்கு, பழைய இரும்பு பழைய இரும்புதான்னு சொன்னாரு. நான் இரும்பு அறுக்குற ஹெக்சோ பிளேட்ட அந்த எடவெளில வுட்டு இழுத்தேன், கருப்பும் பழுப்புமா ஏடு ஏடா வந்துச்சு. சுத்தியலால தட்டுனா கணீர்னு கேக்கல, தொத்துன்னு கேட்டுச்சு. ஒரு ரிவெட் தல கையோட வந்துருச்சு.

இதுல வெளிய தெரியுற துருவ விட உள்ள இருக்குறதுதான் ஆபத்து. ரெண்டு பட்டைக்கு நடுவுல மயிரிழை எடவெளி இருந்தா தண்ணி தானா உறிஞ்சிட்டுப் போயிரும், எங்க பக்கம் மழ வுட்டாலும் பனி வுடாது, அது காயவே காயாது. வெளிய காத்து படுது, உள்ள ஒக்சிஜன் கொறைவு, அந்த வித்தியாசத்தாலயே உள்பக்கத்து இரும்புதான் கரையும். கரைஞ்சு துருவானா இரும்பு இருந்த எடத்த விட பல மடங்கு எடம் கேக்கும், அதுதான் பட்டைய நெம்பி ரிவெட்ட அறுக்குறது. 1983 ஜூன்ல அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல மியானஸ் ஆத்துப் பாலத்துல ஒரு துண்டு அப்படியே ஆத்துக்குள்ள விழுந்து 3 பேர் செத்தாங்க. அது பின்னுல தொங்குற பட்டை, இங்க மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்ச லாப் ஜொயின்ட் இல்ல, ஆனா கத ஒண்ணுதான், தண்ணி போற வாய்க்கால ரோட்டு வேலையில மூடிட்டாங்க, துரு சேந்து சேந்து பட்டைய பின்ன விட்டு வெளிய தள்ளிருச்சு. படிச்சப்ப எனக்கு மனசுல நின்னது அந்த மூடுன வாய்க்கால்தான்.

சரி, கதைக்கு வாறேன். முழுசா கழட்டி புதுசா போடணும்னு நான் எழுதிக் குடுத்தேன். ஒபிஸ்ல இருந்து வந்த பதில், பழுதான எடத்துல பிளேட் வச்சு வெல்ட் பண்ணுங்க, ஸ்கூல் லீவு முடியுறதுக்குள்ள. அதாவது ஏற்கனவே ஒண்ணு மேல ஒண்ணு இருக்குறதுக்கு மேல இன்னொண்ணு. மாட்டேன்னு சொல்லிருக்கலாம். சொன்னா வேற யாரோ வந்து துருவுக்கு மேலயே பொட்டுப் பொட்டா டெக் அடிச்சு பெயின்ட் பூசிட்டுப் போயிருப்பான். இது நியாயமான காரணமா, நானா கட்டிக்கிட்டதான்னு கேட்டா, ரெண்டும்தான்.

உப்புன எடங்கள வெட்டி எடுத்து, நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் கிரைண்டர் அடிச்சு, 6 மில்லி பிளேட் வச்சோம். நிக்கிற பட்டைதான் பாரத்த இழுக்குது, அதனால ரெண்டு பக்க வெல்டும் நீளமா இருந்தா போதும், பட்டையோட அகலத்துக்குக் கொறையாம ஓட்டணும், நாங்க அத விட கூடவே ஓட்டுனோம். கணக்குப்படி கீழ் விளிம்பு வெல்ட் இல்லாமலே தாங்கும். ஆனா கணக்கு வேற, துரு வேற. நான் படிச்சது சுத்தி அடை, தண்ணி உள்ள போகவே கூடாது. பாஸ் சொன்னது, கடைசி அங்குலத்த மூடுறப்ப உள்ள இருக்குற காத்தும் ஈரமும் சூடாகி ஊதிட்டு வெளிய வரும், அங்க ஊசி ஓட்ட விழும், கண்ணுக்குத் தெரியாது, அது வழியா தண்ணி உள்ள போகும், வெளிய வராது. அதுவும் உண்மதான், வெல்டிங் ரொட் பிடிச்ச எல்லாருக்கும் அந்த ஊதல் தெரியும்.

கடைசில என்ன பண்ணோம்னா, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அவரு சொன்ன மாதிரி, மேலயும் ரெண்டு பக்கமும் அடைச்சு கீழ விட்டோம். இந்தப் பக்கம் ரெண்டு ஜொயின்ட்ட நான் சுத்தி அடைச்சேன், ஏற்கனவே தொடங்கிட்டேன், பாதில விட மனசு வரல. எல்லாத்துக்கும் துரு தடுக்குற அன்டிகொரசிவ் பெயின்ட் ரெண்டு கோட்.

போன மாசம் அந்த வழியா போனப்ப பாத்தேன். நான் சுத்தி அடைச்சதுல ஒண்ணுல, மூலையில இருந்து பழுப்பா ஒரு கோடு எறங்கிருக்கு. பாஸோடதுல ஒண்ணும் இல்ல. அப்ப அவரு சொன்னதுதான் சரின்னு சொல்லிறலாமா? அவரோட பக்கம் காலையில வெயில் படும், என்னோட பக்கம் சவுக்கு மர நெழல், பாசி புடிச்சு கெடக்கும். எடத்த மாத்திப் போட்டுருந்தா என்ன ஆயிருக்கும்னு எப்படித் தெரியும். அதோட கீழ தொறந்து விட்ட எடவெளில ஒண்ணும் இல்லன்னு நான் சொல்றதும் வெளிய பாத்துத்தான், ஹெக்சோ பிளேட்ட வுட்டுப் பாக்கல. இந்தப் பாலத்தோட பழைய பெயின்ட்டும் வெளிய பாக்க நல்லாத்தானே இருந்துச்சு.

பிளேட் மேல பிளேட் வைக்கவே கூடாதுன்னு பட்டறைப் பசங்களுக்கு இப்ப சொல்றேன், சொல்லிக்கிட்டே வைக்கவும் செய்றேன். சுத்தி அடைச்சா ஒரு பயம், தொறந்து விட்டா ஒரு பயம்.

கீழ் டிவிஷன்ல இன்னொரு பாலத்துக்கு எஸ்டிமேட் கேட்டுருக்காங்க. இந்தத் தடவ ஜொயின்ட்ட ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம முனைக்கு முனை முட்டு முட்டா வச்சு முழு வெல்ட், அப்புறம் கொழும்புக்கு அனுப்பி உருக்குன துத்தநாகத் தொட்டில முக்கி சூடா கல்வனைஸ் பண்ணிக் கொண்டாறதுன்னு எழுதிருக்கேன். அங்க விசாரிச்சா அவங்களும் அதையே சொல்றாங்க, ஒண்ணு மேல ஒண்ணு பெருசா வச்சு சுத்தி அடைச்சுக் கொண்டாந்தா ஓட்ட போடாம தொட்டில எறக்க மாட்டாங்களாம், துத்தநாகம் 450 டிகிரிகிட்ட இருக்கும், உள்ள மாட்டுன ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஒபிஸ்ல இதப் பாத்துட்டு பெயின்ட் அடிச்சா போதாதான்னு கேட்டுருக்காங்க. பதில் எழுதிட்டு இருக்கேன், ரெண்டு பக்கம் வந்துருச்சு, ரெண்டாவது பக்கத்த அங்க யாரும் பொரட்ட மாட்டாங்க, அதனால விலைய மொத பக்கத்துலயே போட்டுட்டேன்.