மாப்பிள்ளைத் தோழர்களுக்கு என்ன வாங்கலாம்?

கனடாவில் கல்யாணம் வைத்துக்கொள்ளும் நம் பையன்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு செலவுக் கணக்கு இருக்கும். மண்டபம், சாப்பாடு, பூ, புகைப்படக்காரர் எல்லாம் அதில் ஏறியிருக்கும். பக்கத்தில் நிற்கப்போகும் தோழர்களுக்கான பரிசு மட்டும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் மனசும் பையும் களைத்துப்போய், கண்ணில் பட்ட பெட்டியில் நாலு வாங்கிவிடுவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் திண்டுக்கல் பக்கம் இது யோசிக்கிற விஷயமே இல்லை. பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளைத் தோழனாக நிற்பான். அவனுக்கு வேட்டி சட்டை, முடிந்தால் ஒரு மோதிரம் என்று பெரியவர்களே பேசி முடித்துவிடுவார்கள். கூட்டாளிகள் பந்தி பரிமாறுவார்கள், பேனர் கட்டுவார்கள், மொய் எழுதுவார்கள். இங்கே முறை வேறு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நண்பர்கள் ஒரே மாதிரி கோட் சூட் போட்டு வரிசையாக நிற்கிறார்கள். அந்த சூட்டைத் தைத்தாலும் சரி, வாடகைக்கு எடுத்தாலும் சரி, பெரும்பாலும் காசு அவர்களுடையது. வெளியூர்க்காரர் என்றால் விமான டிக்கெட்டும் அவர் தலையில்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒத்திகை நடக்கும், அப்புறம் எல்லோரும் சேர்ந்து இரவுச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில்தான் மாப்பிள்ளை தோழர்களுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம்.

நான் இருப்பது ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மண்டனில். என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். 1890களில் உக்ரைனியக் குடும்பங்கள் ஆல்பர்ட்டாவில் காடு திருத்தி விவசாயம் செய்ய வந்தார்களே, அந்த வழியில் வந்தவள். அதனால் எங்களுக்குக் காலையில் தாலி, மாலையில் அவர்கள் முறைப்படி உறுதிமொழி. ஆல்பர்ட்டாவில் கல்யாண உரிமத்தை ரெஜிஸ்ட்ரி அலுவலகத்தில் வாங்க வேண்டும். வாங்கினால் மூன்று மாதம் செல்லும். உறுதிமொழி எடுக்கும்போது வயதுவந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் என்றால் என் பக்கத்துக்குச் சித்தப்பாவோ மாமாவோ முன்னால் வந்திருப்பார்கள். இங்கே என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த கும்பகோணத்துக்காரன் போட்டான்.

அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற நாலு பேரும் அப்படித்தான், சொந்தக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர்கள். கும்பகோணத்துக்காரன் எட்மண்டனின் மில் உட்ஸ் பகுதியில் தன் தரைக்கீழ் வீட்டில் எனக்குப் பாதி இடம் கொடுத்தான், முதல் சம்பளம் வரும்வரை வாடகை கேட்கவில்லை. மேல் மாடியில் இருந்த பஞ்சாபி அண்ணன் லாரி ஓட்டுகிறவர். குளிர் மைனஸ் முப்பதுக்குப் போகிற ராத்திரியில் வண்டியின் இன்ஜின் சூடேற்றியை மின்சாரத்தில் சொருகி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். சறுக்கும் சாலையில் பிரேக்கை எப்படித் தொட வேண்டும் என்று காலியான பார்க்கிங்கில் உட்கார்த்தி வைத்துப் பழக்கியதும் அவரே. மூன்றாமவர் இந்த ஊர்க்காரர், என் அலுவலகத்தில் வேலை செய்கிறவர், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறவர். குளிருக்கு ஒரு தடித்த கோட்டை மட்டும் நம்பாமல் மூன்று அடுக்காக உடுத்தச் சொன்னது அவர். நாலாவது என் மச்சான், மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். நாங்கள் குடிபோன வீட்டில் அவன் கை படாத சுவர் இல்லை.

இவர்களுக்குக் கொடுக்கத்தான் கடை கடையாகத் தேடினேன். தோழர் பரிசு என்று பெட்டி கட்டி விற்பதெல்லாம் ஒரே சரக்கு. சட்டைப் பையில் வைக்கிற மதுக் குப்பி, பெயர் பொறித்த விஸ்கி கிளாஸ், சட்டைக் கையில் பொத்தானுக்குப் பதிலாக மாட்டுகிற கஃப்லிங்க். என் நாலு பேரில் இரண்டு பேர் குடிப்பதே இல்லை. கஃப்லிங்க் மாட்ட அதற்கென்று தைத்த மடிப்புக் கைச் சட்டை வேண்டும். லாரி ஓட்டுகிறவர் அதை எங்கே போடுவார்? இன்னொரு சங்கடம், இவை எல்லாவற்றிலும் கல்யாணத் தேதியையும் மாப்பிள்ளை பெண் பெயரையும் பொறித்துத் தருகிறார்கள். அந்தத் தேதி எனக்கும் என் மனைவிக்கும் முக்கியம். இன்னொருவர் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு ஏன் அலைய வேண்டும்? பொறித்தே ஆக வேண்டும் என்றால் வாங்குகிறவரின் முதலெழுத்து போதும், அதுவும் உள்பக்கத்தில்.

நால்வருக்கும் ஒரே பொருள் வாங்கும் எண்ணத்தையும் விட்டேன். ஆளுக்கு 150 டாலர் என்று வைத்துக்கொண்டேன், பொருள் ஆளுக்கு ஆள் மாறலாம். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யாருக்கும் மனசு சுருங்காது. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான் என்பதால் கணக்கும் கைக்கு அடங்கியது.

மச்சானுக்கு பெல்ட். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் போனது. கையால் செய்கிற திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடிக்கிற பழைய முறைக்கும் அதே போன்ற குறியீடு உண்டு. அப்புறம் குரோமிய உப்பு வந்தது. வேலை வேகமானது. கழிவு கிணறுகளில் இறங்கி எங்கள் பக்கத்துத் தண்ணீரையும் கெடுத்தது. பட்டையில் பதப்படுத்திய தோலைக் கண்டால் நான் நின்று பார்ப்பதற்கு இதெல்லாம் காரணம்.

கடையில் தோல் பொருள் வாங்கும்போது முத்திரையை நம்பக் கூடாது. 'ஜெனுவின் லெதர்' என்று அச்சடித்திருந்தால் அது தோல்தான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தோலின் மேல் அடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். அதைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் கீழ் அடுக்கின் மேல் பெயின்ட் பூசி விற்றாலும் அதே முத்திரைதான். தூள்களையும் துண்டுகளையும் பசை போட்டு ஒட்டிய 'பாண்டட் லெதர்' இன்னும் மோசம், இரண்டாவது வருஷம் உரிந்து வரும். மேல் அடுக்கைத் தேய்க்காமல் அப்படியே விட்டதை 'ஃபுல் கிரெய்ன்' என்கிறார்கள். அதில் மயிர்க்கால்கள் தெரியும், மாடு முள்வேலியில் உரசிய தழும்பு தெரியும். அதைக் குறை என்று ஒதுக்காதீர்கள், அது நல்ல அடையாளம்.

பார்க்க வேண்டிய இடம் வெட்டு விளிம்பு. பெல்ட்டின் ஓரத்தில் முழுவதும் ஒரே நாராகத் தெரிந்தால் நல்லது. நடுவில் அட்டை போல ஒரு அடுக்கு, இரண்டு பக்கமும் மெல்லிய தோல், அதன்மேல் கறுப்புச் சாயம் என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மடித்துப் பார்த்தால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறைய வேண்டும், பிளாஸ்டிக் மாதிரி வெடிப்பு விழக்கூடாது. நாலு மில்லிமீட்டருக்குக் குறையாத ஒற்றைத் தோலாக இருந்தால் தையலே தேவையில்லை. பக்கிளைத் தைத்துவிடாமல் திருகாணியில் மாட்டியிருந்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தையல் இருக்கிற பர்ஸ் போன்ற பொருள் என்றால், ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்துக் கையால் தைத்ததா என்று கேளுங்கள். அப்படித் தைத்ததில் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். மிஷின் தையல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்து, ஓல்ட் ஸ்ட்ராத்கோனா உழவர் சந்தையில் சனிக்கிழமை கடை போடுகிற ஒரு தோல் வேலைக்காரரிடம் சொல்லிவைத்தேன். அளவுக்கு மச்சானின் பழைய பெல்ட்டை என் மனைவி எடுத்து வந்தாள். இடுப்பு அளவை நம்பி வாங்கக் கூடாது. பக்கிள் மடிப்பிலிருந்து அவன் வழக்கமாக மாட்டுகிற ஓட்டை வரை அளக்க வேண்டும். அவன் ஏணியில் ஏறி இறங்குகிற ஆள், இடுப்பில் கருவிப் பையைத் தொங்கவிடுகிற ஆள். வாங்கியபோது வெளிர் மஞ்சளாக இருந்த தோல் இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

கும்பகோணத்துக்காரனுக்குத் தோசைக்கல். இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் மின்சாரச் சுருள் அடுப்பு அல்லது கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு. ஊரிலிருந்து தூக்கி வருகிற கல் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், சுருளின் மேல் நிலைத்து உட்காராது, ஓரம் வேகாது. ஒட்டாத பூச்சுப் போட்ட தவாவோ வருஷத்துக்கு ஒன்று கெடுகிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் லாட்ஜ் கம்பெனி 1896 முதல் வார்ப்பிரும்புப் பாத்திரம் வார்க்கிறது. அவர்களுடைய பத்தரை அங்குலத் தட்டையான கல் தோசைக்கென்றே செய்தது போல இருக்கும். அடிப்பக்கம் சமமாக இருப்பதால் எந்த அடுப்பிலும் உட்காரும், இண்டக்‌ஷனிலும் சூடாகும். கண்ணாடி அடுப்பில் மட்டும் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

எண்ணெய் பூசிச் சுட்டுத்தான் விற்கிறார்கள். ஆனாலும் முதல் தோசை ஒட்டும் என்று நமக்குத் தெரியும். அதனால் நான் வாங்கி, முதலில் சில வாரம் என் வீட்டிலேயே பழக்கினேன். வெட்டிய வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது, சப்பாத்தி போடுவது, முட்டை ஊற்றுவது, சோப்பை நிறையப் போடாமல் கழுவி உடனே அடுப்பில் காயவைப்பது. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொண்டு பளபளப்பான கறுப்புத் தோல் மாதிரி ஆகும்வரை செய்தேன். மற்றவர்களுக்குப் புழங்கிய பொருளைக் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளலாம். இவனுக்குத் தெரியும், பழக்கின கல்லுக்கு இருக்கிற மதிப்பு. அதோடு மீதிக் காசுக்கு ஒரு நல்ல எஃகுத் தோசைத் திருப்பியும் வாங்கினேன்.

பஞ்சாபி அண்ணனுக்கு லெதர்மேன். குறடு, கத்தி, ஸ்க்ரூடிரைவர், அரம் எல்லாம் ஒன்றாக மடங்குகிற கருவி. டிம் லெதர்மேன் என்பவர் 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது அடிக்கடி வண்டி கெட்டு, கையில் ஒரு குறடு இல்லையே என்று நொந்த நினைப்பில் உருவாக்கியது. 1983இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கம்பெனி தொடங்கினார். 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். லாரிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. முதலில் பேட்டரி இறங்கினால் வண்டியைக் கிளப்புகிற லித்தியம் பெட்டிதான் வாங்க நினைத்தேன். அதை ராத்திரி முழுக்கக் குளிரில் வண்டிக்குள்ளேயே விட முடியாது, வீட்டுக்குள் எடுத்துப் போய் வைக்க வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. மறந்தே தீருகிற வேலை அது.

கத்தி உள்ள பொருளைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுபடும் என்று இந்த ஊர்ப் பெரியவர்களும் நம்புகிறார்கள். அதற்குப் பரிகாரம், வாங்குகிறவர் ஒரு நாணயம் திருப்பித் தருவது. அப்போது அது விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். ஊசியையும் உப்பையும் கைக்குக் கை கொடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான், எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. 2013இல் ஒரு சென்ட் விநியோகத்தை கனடா நிறுத்திவிட்டதால் அண்ணன் ஐந்து சென்ட் கொடுத்தார். வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிற தோழருக்கு இப்படிப்பட்ட பொருள் கொடுத்தால், திரும்பும்போது கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

மீன்பிடிக்காரருக்கு மெரினோ என்ற செம்மறி ஆட்டின் கம்பளிக் காலுறை. காலுறையா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. பருத்தி வேர்வையைப் பிடித்துக்கொண்டு காலைக் குளிரவைக்கும். கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பின்னுகிற டார்ன் டஃப் காலுறைக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு, ஓட்டை விழுந்தால் மாற்றித் தருகிறார்கள். கனமான ரகத்தில் சில ஜோடி, அதோடு பெரிய ஸ்டான்லி பிளாஸ்க் ஒன்று. 1913இல் வில்லியம் ஸ்டான்லி கண்டுபிடித்த அந்த எஃகு பிளாஸ்க்கை பனிக்கட்டியின் மேல் போட்டாலும் உடையாது.

ஒவ்வொன்றோடும் ஒரு கடிதம் எழுதினேன். எந்த நாளில் என்ன செய்தார் என்று பெயர் சொல்லி எழுதியது, ஒரு பக்கத்துக்குள். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் அதே உறையில் வைத்தேன். பழுது வந்தால் கம்பெனிக்கு எழுத அவர்களுக்கு அது வேண்டும். கொடுத்தவனிடம் வந்து விலை கேட்க வேண்டிய கூச்சமும் இருக்காது.

காலுறையும் கருவியும் எப்போது போனாலும் கடையில் கிடைக்கும். கல்லைப் பழக்க ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் செய்கிறவர் மாதிரி கைவேலைக்காரர்களிடம் கோடையில் வேலை குவிந்துவிடும். ஜூலையில் கல்யாணம் என்றால் ஏப்ரலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள், முன்பணம் கேட்டால் கொடுங்கள்.