ஆற்றில் முகம் வைத்த நிலங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தின் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் என் கண் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுகிறது. ஆற்றைத் தொட்டுத் தொடங்கி உள்நாட்டை நோக்கி நீளும் குறுகிய வயல்கள், தென்னங்கீற்றின் இலைகளைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடியேறிகள் தொடங்கிவைத்த அமைப்பு அது.

அரசிடமிருந்து நிலம் பெற்ற செய்ன்யோர் எனும் பெருநிலக்காரர்கள் அதைக் குடியானவர்களுக்கு ஆண்டுக் கட்டணத்துக்குப் பிரித்துக் கொடுத்தனர். ஒரு பங்கு பெரும்பாலும் 3 அர்பான் அகலமும் 30 அர்பான் நீளமும் கொண்டிருந்தது. ஓர் அர்பான் சுமார் 58 மீட்டர். சாலை இல்லாத அந்நாளில் ஆறுதான் சாலை. கோடையில் படகும், பனிக்காலத்தில் உறைந்த நீரின்மேல் சறுக்குவண்டியும் ஓடின. எனவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் ஓர் இடம் வேண்டியிருந்தது. கரையில் மீன்பிடிப்பு, மேட்டில் வீடு, அதன் பின்னே உழவு நிலம், கடைசியில் விறகுக்கான காடு என ஒரே கீற்றில் வாழ்க்கை முழுவதும் அடங்கியது. அண்டை வீடும் கூப்பிடு தொலைவிலேயே இருந்தது.

அதிகாரிகள் விரும்பியது இதுவன்று. 1665இல் வந்த நிர்வாகி ழான் தலோன், பாதுகாப்புக் கருதி மக்களை ஊராகத் திரட்ட எண்ணி, நடுவில் சதுக்கமும் சுற்றிலும் ஆரங்களாக விரியும் நிலங்களும் கொண்ட குடியிருப்புகளை அமைக்க முயன்றார். இன்று கியூபெக் நகரின் பகுதியான ஷார்ல்பூரில் அவ்வடிவம் இன்னும் தெரிகிறது. ஆனால் பெரும்பாலோர் ஆற்றை விட்டு நகரவில்லை. அரசாணையைவிட அன்றாடத் தேவையே நிலத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது.

பாகப்பிரிவினையிலும் ஆற்றுமுகத்தை யாரும் விட்டுக்கொடுக்காததால் நிலம் நீளவாக்கிலேயே பிளந்து மெலிந்துகொண்டே போனது. ஒன்றரை அர்பானுக்கும் குறைந்த அகலமுள்ள நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்று 1745இல் அரசன் ஆணையிட வேண்டியிருந்தது. கரை நிரம்பியபின், பின்புறம் சாலை போட்டு 'ராங்' எனப்படும் இரண்டாம் வரிசை எழுந்தது.

இவ்வடிவம் டெட்ராய்ட்டுக்கும் லூசியானாவுக்கும் பரவியது. மேற்கே, இன்றைய வின்னிபெக் நகரம் உள்ள செவ்வாற்றின் (Red River) கரையில், பிரெஞ்சு, பூர்வகுடி மரபுகள் கலந்த மெட்டி மக்களும் இப்படியே வாழ்ந்தனர். 1869 அக்டோபரில் அந்நிலங்களைச் சதுரங்களாக அளக்க கனடா அரசின் அளவையாளர்கள் வந்தபோது, லூயி ரியெல் தலைமையில் வந்த மெட்டிகள் அவர்களது அளவுச் சங்கிலியை மிதித்து நிறுத்தினர். வின்னிபெக்கில் ஆற்றை ஒட்டிய பல தெருக்கள் இன்றும் அந்தக் கீற்றுகளின் திசையிலேயே செல்கின்றன.